பகிடியும் பேச்சும்: ஓர் இரசிகனின் விமர்சனக் குறிப்புகள்

புலம்பெயர் சூழலில் 'இரசிகன்' என்பது பெரும்பாலும் ஒரு வசைச்சொல்லாகவே புழங்கி வந்திருக்கிறது. நாவலுக்கு வாசகன் உண்டு. நாடகத்துக்குப் பார்வையாளன் உண்டு. தொலைக்காட்சிக்கும் பகிடிக்கும் மேடைப் பாட்டுக்கும் இருப்பவன் மட்டும் வெறும் இரசிகன். அவன் சிந்திக்காதவன், இலகுவில் ஏமாறுபவன், சென்னையிலிருந்து வரும் நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு ஓவர்ரைம் செய்த காசைக் கொடுத்து ரிக்கற் வாங்குபவன். தமிழகச் சினிமா பற்றியும் சின்னத்திரை பற்றியும் எமது சிறுபத்திரிகைகளில் வெளிவந்த கட்டுரைகளில் அநேகமானவை இந்த இரசிகனைத் திருத்துவதற்காக எழுதப்பட்டவை. அவனுக்கு எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, எந்த இடத்தில் சிரிப்போடு சேர்ந்து ஒரு கூச்சமும் வருகிறது என்று கேட்டவை மிகக் குறைவு.

இக்கட்டுரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. எழுதுபவனும் ஓர் இரசிகனே. ஆகவே வெளியில் நின்று தீர்ப்புச் சொல்லும் நோக்கம் இங்கே இல்லை. சொல்ல விரும்புவது இதுதான்: ஈழத்தமிழருக்கென்று ஒரு பகிடி மரபு இருந்தது. அது எமது சொந்தப் பேச்சில், பல பேச்சுகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் பிறந்தது. இன்று அதே பேச்சு பிறருடைய பகிடிக்கு மூலப்பொருளாகியிருக்கிறது. இந்த மாற்றத்தை நாம் இரசனை வீழ்ச்சி என்று பெயரிட்டு ஒதுக்கி வருகிறோம். யாருடைய பேச்சு இயல்பானது, யாருடைய பேச்சு விசித்திரமானது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதே இதிலுள்ள உண்மையான பிரச்சினை.

1. எல்லோருக்கும் ஒரு பேச்சு

எழுபதுகளில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் 'கோமாளிகள் கும்மாளம்' ஒலிபரப்பாகியது. எஸ். ராமதாஸ் மரிக்காராக வந்தார், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக வந்தார், எஸ். செல்வசேகரன் உபாலியாக வந்தார்; பி.எச். அப்துல் ஹமீது ஐயராக வந்தார். பின்னர் இவர்கள் நால்வரும் 1976இல் வெளிவந்த 'கோமாளிகள்' திரைப்படத்திலும் தோன்றினார்கள். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் என்று நான்கு பேச்சுகள். ஒருவர் கதைப்பதை மற்றவர் பிழையாக விளங்கிக்கொள்வதிலிருந்து சிரிப்புப் பிறந்தது. பிராமணத் தமிழ் பேசியவர் ஒரு முஸ்லிம் கலைஞர் என்பதையும், முஸ்லிம் தமிழ் பேசியவர் ராமதாஸ் என்பதையும் இன்றைய அடையாள அரசியல் வாதிகள் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும்.

பேச்சுவழக்கை வைத்துப் பகிடி செய்வதே இழிவு என்று ஒரு சாரார் வாதிடுவதுண்டு. அந்த வாதம் இங்கே செல்லுபடியாகாது. 'கோமாளிகள்' முழுவதும் பேச்சுவழக்குப் பகிடிதான். ஆனால் அங்கே வழக்கு இல்லாத ஆள் என்று ஒருவரும் இல்லை. நடுவில் நின்று 'நல்ல தமிழ்' பேசி மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பாத்திரம் இல்லை. எல்லோருக்கும் ஒரு பேச்சு. எல்லோரும் எல்லோருக்கும் பகிடி. பக்தினை மேற்கோள் காட்டும்போது எமது பத்திரிகைகள் 'கார்னிவல்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றன. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரு மொழிக்குள் பல குரல்கள் சமதையாக மோதும் நிலை பற்றிய அவரது சிந்தனையை. அதற்கு எமது சூழலில் உதாரணம் தேடினால் வானொலிக்குத்தான் போகவேண்டும்.

கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பு இதன் இன்னொரு வடிவம். ஒரு பஸ், ஒரு கொண்டக்ரர், ஏறி இறங்கும் சனங்கள். மேடையில் நிற்பவர் ஒருவர். கேட்பவை பல குரல்கள். மேடையிலும் வானொலியிலும் பிறகு கசற்றிலும் அது பரவியது. யாழ்ப்பாணத்து பஸ்ஸில் ஒரு நாளாவது நெரிபட்டு நின்றவனுக்கு அந்தப் பகிடியில் எதையும் விளக்க வேண்டியதில்லை. கொண்டக்ரருடைய அதட்டலும் எங்களுடையது, அதற்குப் பணிந்தும் பணியாமலும் பதில் சொல்லும் கிழவியும் எங்களுடையவள். 2014இல் பாலச்சந்திரன் கனடாவில் காலமானபோது அஞ்சலிகள் வந்தன. ஆய்வு என்று சொல்லத்தக்க எதுவும் என் பார்வைக்குக் கிட்டவில்லை. 1985இன் 'மண் சுமந்த மேனியர்' பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம், எழுதவேண்டியதுதான். அழுகைக்கு ஒரு விமர்சன மொழியை உருவாக்கிய நாம், சிரிப்புக்கு அப்படியொன்றை உருவாக்கவில்லை.

பாட்டிலும் இதே நிலைதான். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' போன்ற பொப்பிசைப் பாடல்கள் போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமான பைலாத் தாளத்தில், பேச்சுத் தமிழிலும் சிங்களம் கலந்த தமிழிலும் வந்தவை. சங்கீத சபைகள் அவற்றை மதிக்கவில்லை. தூய தமிழ்வாதிகளும் மதிக்கவில்லை. ஆனால் 'சுராங்கனி'யை 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகத் திரைப்படம் எடுத்துக்கொண்டது. இலங்கை வானொலிக்குத் தமிழகமெங்கும் நேயர்கள் இருந்த காலம் அது. அக்காலத்தில் ஓட்டம் இங்கிருந்து அங்கே இருந்தது. சென்னையில் இருந்தவன் எமக்கு இரசிகனாக இருந்தான் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இந்த மரபைப் பொற்காலமாக்கிப் புகழ்வதும் தவறு. அந்த நால்வரில் மலையகத் தமிழ் பேசுபவர் ஒருவர் இல்லை. பெண்கள் பெரும்பாலும் பகிடிக்குப் பொருளாக வந்தார்கள். பகிடி விடுபவர்களாக வந்தது அபூர்வம். யாழ்ப்பாண மேடைப் பகிடியில் சாதி எப்படி ஒளிந்திருந்தது என்பதைத் தனியாகவே எழுதவேண்டும். சமதை என்று நான் சொல்வது அந்தப் பகிடியின் கட்டமைப்பில் இருந்த ஒரு சாத்தியத்தை. அந்தச் சாத்தியம் முழுமையடைய முன்னரே 1983 வந்துவிட்டது.

2. ஒருவருக்கு மட்டும் ஒரு பேச்சு

2000ஆம் ஆண்டு 'தெனாலி' வெளிவந்தது. கே.எஸ். ரவிகுமார் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், கமல்ஹாசன் நடிப்பு. கமலுக்கு ஈழத்தமிழ் உச்சரிப்பில் உதவியவர் அப்துல் ஹமீது. படத்திலும் அவர் தோன்றுகிறார். புலம்பெயர் நாடுகளில் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள் நாங்கள். 'எங்கட பாஷையை ஒரு பெரிய நடிகர் கதைக்கிறார்' என்ற பெருமையும் அந்தச் சிரிப்பில் கலந்திருந்தது. அந்தப் பெருமையை நான் ஏளனம் செய்யவில்லை. அதுவரை தமிழகத் திரையில் எமது பேச்சுக்கு இடமே இருக்கவில்லை.

ஆனால் படத்தின் கட்டமைப்பைப் பார்ப்போம். அதன் மூலம் 1991இல் வந்த ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படம். அதில் எல்லாவற்றுக்கும் பயப்படும் ஒரு நோயாளி, விடுமுறைக்குப் போன மனநல மருத்துவரைப் பின்தொடர்ந்து போகிறான். அவன் ஏன் பயப்படுகிறான் என்பதற்கு அமெரிக்கப் படத்துக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை. மனிதர் சிலர் அப்படித்தான். தமிழ்ப் படம் ஒரு காரணத்தைத் தேடியது. தேடியபோது கண்ணில் பட்டவர்கள் நாங்கள். எல்லாவற்றுக்கும் பயப்படும் மனிதன் என்றால் அவன் யுத்தத்தைப் பார்த்த ஈழத்து அகதியாகத்தான் இருக்கவேண்டும் என்ற முடிவு தமிழ்ப் படத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. அந்த நாட்களில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் மனநல மருத்துவமனை வாசல்களில் எமது பெடியள் காத்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், சிரிப்புக்கு அடியில் ஒரு கசப்பு ஊறும்.

படத்தில் ஜெயராமும் ஜோதிகாவும் மற்றவர்களும் பேசுவது 'சாதாரண' தமிழ். தெனாலி ஒருவனுக்கே வழக்கு இருக்கிறது. அவன் சொல்வது பகிடியாக இல்லாத இடங்களிலும் அவன் சொல்லும் விதம் பகிடியாகிறது. 'கோமாளிகள்' நால்வரில் ஒருவராக இருந்த அதே கலைஞர் இங்கே உச்சரிப்பு உதவியாளராக நிற்கிறார். நான்கு பேச்சுகள் மோதிய இடத்தில் ஒரு பேச்சு காட்சிப் பொருளாகியது. இதற்குத் தனிநபர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தையின் மையம் எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பவனுக்குத் தனது பேச்சு ஒரு வழக்கு என்பதே தெரிவதில்லை.

இதன் விளைவை ஓக்லாந்தில் பிறந்த எமது பிள்ளைகளிடம் பார்க்கிறேன். பிறந்தநாள் வீடுகளில் அவர்கள் 'ஸ்ரீலங்கன் தமிழ்' பேசிக் காட்டிச் சிரிக்கும்போது, அது தாத்தாவின் பேச்சாக இருப்பதில்லை. கமல்ஹாசன் பேசிய பேச்சாக இருக்கிறது. தாத்தாவின் பேச்சைப் பேரன் ஒரு சென்னை நடிகரின் வழியாகப் பகிடியாகக் கற்றுக்கொள்கிறான். தாத்தாவும் சிரிக்கிறார்.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு 2025இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதல் படம். பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பிக் கள்ளமாகச் சென்னைக்கு வந்து சேரும் ஓர் ஈழத்துக் குடும்பம் தனது பேச்சை அயலவரிடம் மறைக்கவேண்டியிருக்கிறது. ஒரு விதத்தில் இது 'தெனாலி'க்குப் பதில். இங்கே பேச்சு சிரிப்பைத் தருவதற்குப் பதில் ஆபத்தைத் தருகிறது. சிரிப்பு அந்த ஆபத்தைச் சுற்றிப் பிறக்கிறது. வாய் திறந்தால் பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தை அறியாத அகதி இல்லை. அந்த வகையில் படம் எம்மை நெருங்கி வருகிறது. ஆனால் அந்தக் குடும்பம் மிகவும் நல்ல குடும்பம். கண்ட எல்லோருக்கும் உதவுகிறது. எல்லோருடைய மனதையும் திருத்துகிறது. அகதி ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமானால் அவன் அயலவனைவிட நல்லவனாக இருக்கவேண்டும் என்பது குடிவரவு அலுவலகங்களின் தர்க்கம். சீட்டுக் காசைக் கட்டாதவனும், கோயில் நிர்வாகத்தில் சண்டை பிடிப்பவனும், அண்டை வீட்டானின் விசா பற்றி ஊர் முழுக்கக் கதைப்பவனும் அகதிதான். அவனை வைத்துப் பகிடி செய்யும் உரிமை எங்களுக்கு மட்டுமே உண்டு. அந்த உரிமையை நாம் பயன்படுத்தவில்லை.

3. சிரிக்க வை, அல்லது அழ வை

சென்னைத் தொலைக்காட்சி மேடைகளில் ஈழத்தமிழருக்கு இரண்டு பாத்திரங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன: பேச்சால் சிரிக்க வைப்பது, கதையால் அழ வைப்பது. 2015இல் விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் போட்டியில் கனடாவிலிருந்து சென்ற ஜெசிக்கா இரண்டாமிடம் பெற்றார். தனக்குக் கிடைத்த 1 கிலோ தங்கத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வழங்குவதாக அறிவித்தார். 2023 டிசம்பரில் ஜீ தமிழின் 'சரிகமப' சிறுவர் போட்டியில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா முதலிடம் பெற்றார். இந்தப் பிள்ளைகளின் திறமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நானும் மற்ற எல்லோரையும் போல இரவு இருந்து பார்த்தவன்தான். நான் கவனித்தது மேடையின் ஒழுங்கை. தமிழகப் பிள்ளை பாடியதும் நடுவர்கள் சுருதியைப் பற்றிக் கதைக்கிறார்கள். எங்கள் பிள்ளை பாடியதும் கமரா பெற்றோரின் கண்ணீருக்குப் போகிறது. துயரம் எமது நுழைவுச் சீட்டாகிவிட்டது.

நேரடி இசைநிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2012 நவம்பரில் ரொறன்ரோவில் நடத்தத் திட்டமிடப்பட்ட இளையராஜாவின் கச்சேரி, மாவீரர் மாதத்தில் கொண்டாட்டம் தகுமா என்ற சர்ச்சைக்குள் அகப்பட்டது. கச்சேரி 2013 பெப்ரவரியில் நடந்தது. நினைவு கூர்வோரின் உணர்வு மதிக்கப்பட வேண்டியதே. ஆனால் அந்த விவாதம் முழுவதும் திகதியைப் பற்றியே இருந்தது. எந்த மாதத்திலாவது எமது கலைஞர் ஒருவர் எமது பேச்சில் அப்படியொரு மண்டபத்தை நிரப்ப முடியுமா என்று எவரும் கேட்கவில்லை.

2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சி நடந்தது. தமன்னா உட்படத் தென்னிந்திய நட்சத்திரங்கள் வந்திருந்தார்கள். காசு கொடுத்தவர்களுக்கு முன்னால் இடம், மற்றவர்களுக்குப் பின்னால் இடம். தடுப்புகளை உடைத்துக்கொண்டு கூட்டம் முன்னேறியது, நிகழ்ச்சி தடைப்பட்டது. அடுத்த நாளே எமது அறிவாளர் பலர் 'கலாசாரச் சீரழிவு' என்று எழுதத் தொடங்கினார்கள். ஒழுங்கற்ற இளைஞர்களைக் கண்டித்தார்கள். வேலியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. முற்றவெளி ஊர்ச் சனத்தின் பொது வெளி. அதில் காசுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே வேலி போட்டால், பின்னால் நிற்பவனுக்குத் தெரிவது நட்சத்திரத்தின் தலை மட்டுமே. அவனுடைய கோபத்தில் நாகரிகம் இல்லாமல் இருக்கலாம், அர்த்தம் இருந்தது.

நாசிகளிடமிருந்து தப்பி லொஸ் ஏஞ்சல்சில் அகதியாக இருந்த காலத்தில்தான் அடோர்னோ, ஹோர்க்ஹைமருடன் சேர்ந்து பண்பாட்டுத் தொழில் பற்றிய தனது புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். 1947இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த நூலில் அது இடம்பெற்றது. ஹொலிவூட்டின் பக்கத்தில் இருந்துகொண்டு, அங்கே சிரிக்கும் கூட்டத்தில் அவர் கண்டது ஏமாற்றப்பட்ட மனிதர்களை. புலம்பெயர்ந்த அறிவாளிக்கு இந்தப் பார்வை மிகவும் வசதியானது. வந்த நாட்டில் பதவி இல்லை, மரியாதை இல்லை. சொந்தச் சனத்தைவிடத் தான் உயர்ந்தவன் என்பதைக் காட்டுவதற்கு அவர்களுடைய சிரிப்பை வெறுப்பது ஒன்றே வழி. அடோர்னோவின் பகுப்பாய்வில் உண்மை உண்டு. எமது கைகளில் அது பெரும்பாலும் அந்தஸ்துக் கவலையாகவே மாறியிருக்கிறது.

4. ஓக்லாந்திலிருந்து பார்க்கும்போது

இந்த நாட்டில் வாழ்பவருக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. மாவோரி நகைச்சுவைக் கலைஞர் பில்லி ரி. ஜேம்ஸ் 1991இல் இறந்தார். மாவோரி இசைக்குழுக்களின் மேடையில் பாடியும் ஆடியும் பகிடி விட்டும் வளர்ந்தவர். எண்பதுகளில் தொலைக்காட்சியில் அவருடைய நிகழ்ச்சியை நாடே பார்த்தது. அவருடைய சிரிப்பையும் உச்சரிப்பையும் வெள்ளையர்கள் பார்த்துப் போலச்செய்தார்கள். அவர் மாவோரிகளைப் பற்றிய பழைய அச்சுகளை மீண்டும் உறுதி செய்கிறார் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. மாவோரி வீடுகளில் அவரை நேசித்தவர்களும் ஏராளம். அவர்களுக்கு அவர் தங்கள் மாமனைப் போல இருந்தார். அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. முடியாமல் இருப்பதே அதன் பயன். அவர் பெயரில் 1997 முதல் வளரும் நகைச்சுவைக் கலைஞருக்கு ஆண்டுதோறும் ஒரு விருது வழங்கப்படுகிறது. ஒரு சிறிய சமூகம் தன் பகிடியை ஒரு பெரிய பிரச்சினையாக எடுத்து விவாதித்ததால், அடுத்த தலைமுறைக்கு அந்த விவாதத்தின் மேல் ஏறி நிற்க முடிந்தது. 'தெனாலி'யைப் பற்றி நாம் அப்படி விவாதித்தோமா?

நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில் சாமோவர், தொங்கர், பீஜி இந்தியர், பிலிப்பினோ, நாங்கள் எல்லோரும் உடைந்த ஆங்கிலத்தில்தான் கதைக்கிறோம். ஒருவர் மற்றவரைப் போலப் பேசிக் காட்டுவது தினசரிப் பொழுதுபோக்கு. ஒருவரும் கோபிப்பதில்லை. சுப்பவைசர் உள்ளே வந்து அதே உச்சரிப்பில் அதே பகிடியை விட்டால் அறை அமைதியாகிவிடும். பகிடி ஒன்றுதான், சொற்களும் ஒன்றுதான். மேலே நான் 'கோமாளிகள்', 'தெனாலி' என்று பிரித்துச் சொன்ன வேறுபாடு அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கோட்பாடு தேவையில்லை.

அடுத்த தலைமுறை ஆங்கிலத்தில் சிரிக்கத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் ரொமேஷ் ரங்கநாதன் தன் வேர்களைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்பதையே பகிடியாக்கினார், 2015இல் பி.பி.சி. தொடரொன்றுக்காக இலங்கைக்கே போனார். கனடாவின் மைத்ரேயி இராமகிருஷ்ணன் 2020இல் நெற்பிளிக்ஸ் தொடரொன்றின் நாயகியானார். அங்கே அவர் நடித்தது இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாக. இங்கே பக்ஸ் அசாடி என்ற ஈரானிய-பாகிஸ்தானியப் பெற்றோரின் மகன், ஓக்லாந்தில் அகதிக் குடும்பமொன்றில் தான் வளர்ந்த கதையை 2022இல் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடராக்கினார். இலங்கைப் பின்னணி கொண்ட அஹி கருணாகரன் தேயிலைத் தோட்டத்துக் கதையை 2018இல் ஓக்லாந்துக் கலைவிழா மேடைக்குக் கொண்டுவந்தார். இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் இவற்றைப் பார்க்கும்போது எங்கள் வீட்டுக் கிழவிக்கு ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்த பகிடி எப்போதும் ஒரு நிமிடம் பிந்தித்தான் வரும்.

சென்னைப் பகிடியில் பேரனும் தாத்தாவும் சேர்ந்து தாத்தாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆங்கிலப் பகிடியில் பேரன் தனியாகச் சிரிக்கிறான். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பேச்சில், இருவரையும் பற்றிச் சிரிக்கும் பகிடி இன்று எங்களிடம் இல்லை. இழப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

5. எதிர்வினைகளுக்கு

இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, தமிழகமும் எமது பண்பாட்டு வெளிதானே, அங்கே எமது பேச்சு, அவர்கள் பேச்சு என்று பிரிப்பது குறுகிய வாதம் அல்லவா என்பது. நான் பிரிக்கவில்லை. 'சுராங்கனி' கடல் கடந்து போன காலத்தில் இருந்த பண்பாட்டுப் பரிமாற்றத்தையே கேட்கிறேன். பரிமாற்றத்துக்கு இரு பக்கமும் சரக்கு வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. 2009 மே மாதத்துக்குப் பின் எங்களுக்குப் பகிடி ஒரு கேடா என்பது. இந்தக் கேள்வியின் முன் நானும் மௌனமாகத்தான் நிற்கிறேன். எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாம் சிரிப்பதை நிறுத்தவில்லை. அந்த ஆண்டிலும் வீடுகளில் தொலைக்காட்சி ஓடியது. கலைவிழாக்களில் சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடினார்கள். துக்கத்தின் பெயரால் நாம் நிறுத்தியது சொந்தப் பகிடியை மட்டுமே. வாங்கிய சிரிப்புக்குத் துடக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

ஆகவே இச்சஞ்சிகையின் வாசகர்களிடம் சில கேள்விகள். ஊர்ச்சங்கக் கலைவிழாக்களில் உள்ளூரில் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கக் கேட்க எங்களில் எவர் தயார்? அதில் சீட்டும் கோயில் சண்டையும் விசா வம்பும் வரும், எமது சாதித் திமிரும் வரவேண்டும், பெண்கள் எழுதவேண்டும், மலையகத்துப் பேச்சும் முஸ்லிம் பேச்சும் பிள்ளைகளின் நியூசிலாந்து ஆங்கிலமும் சமதையாக மோதவேண்டும். பழைய கசற்றுகள் பெட்டிகளில் பூஞ்சணம் பிடிக்க முன்னர் அவற்றைச் சேகரிக்கவும், அவற்றைப் பற்றி எழுதவும் எவர் முன்வருவார்? இந்தக் கேள்விகளுக்குப் பதிலாக 'இரசிகர்களின் தரம் உயரவேண்டும்' என்று இன்னொரு கட்டுரை வருமானால், அதையும் ஒரு பகிடியாகவே எடுத்துக்கொள்ளவேண்டியிருக்கும்.